யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் உயிரியல் ரியூசன்: சேரலாமா?

தாராளமாகச் சேரலாம், சேர் படிப்பிக்கிற விதம் உண்மையிலேயே திறம். கருக்கட்டல் பாடத்தில், முட்டையின் உறையிலுள்ள கிளைக்கோபுரதங்களில் (வெல்லம், அதாவது சர்க்கரை, இணைந்த புரதங்களில்) நீட்டிக்கொண்டிருக்கும் வெல்லச் சங்கிலிகளை நிறச் சோக்கால் கீறி, மனித விந்து அந்த உறையைப் பற்றிக்கொள்வதில் சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற வெல்லத் தொடருக்குப் பங்கிருப்பதாக 2011இல் ஆய்வு வந்ததையும், வெண்குழியங்கள் குருதிக்கலன் சுவரில் ஒட்டவும் அதே தொடர்தான் உதவுகிறது என்பதையும் விளங்கப்படுத்தினார். வகுப்பே வாயைப் பிளந்தது! எலியில் விந்து முட்டையுறையைப் பற்றுவதற்கு வெல்லத்தைவிடப் புரதப் பகுதியே முக்கியம் என்று காட்டிய சோதனைகளையும் அவர் மறைக்கவில்லை, அந்த நேர்மை எனக்கு நல்லாப் பிடித்தது.

ஆனால் ரியூட்டில், அதாவது வகுப்பில் தரும் அச்சுக் குறிப்பில், படங்கள் மங்கல். மத்தியானம் கொட்டிலுக்குள் வெக்கை தாங்காது. பின்வாங்கில் இருந்தால் பலகை தெரியாது, முன்னுக்கு இடம் வேணுமென்றால் நேரத்துக்கே போங்கோ.