பழைய மாணவருக்கான பல்கலைக்கழக நூலக அட்டை: காசு கொடுத்து வாங்கலாமா?

படித்து முடித்துப் போனவர்களுக்கென்று பல்கலைக்கழக நூலகம் தரும் ஆண்டு உறுப்பினர் அட்டையைப் பற்றி எழுதுகிறேன். காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று அலுவலகத்திலும் கோயிலிலும் பலர் கேட்டுவிட்டார்கள். அலமாரி அலமாரியாக நடந்து புத்தகம் தேடப் பிடிக்கும் என்றால் வாங்குங்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே கணினியில் ஆய்வுக் கட்டுரைகள் படிக்கலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள், அது இந்த அட்டையில் கிடைக்காது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை. கவுண்டரில் இருப்பவர்கள் என்னை நன்றாகத்தான் நடத்தினார்கள். நான் சொல்லும் குறைகள் விதிமுறைகளைப் பற்றியவை.

எனக்கு எதற்கு இந்த அட்டை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கியவள். அப்பா செம்பவாங் ஷிப்யார்டில் வேலை பார்த்தார். தாத்தா அதற்கும் முன்னால், அந்த இடம் பிரிட்டிஷ்காரர்களின் கடற்படைத் தளமாக இருந்த காலத்தில் அங்கே கூலியாளாக இருந்தார். தளம் 1938இல் திறந்தது, 1968இல்தான் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பவாங் ஷிப்யார்ட் ஆனது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் 'நேவல் பேஸ்' என்றுதான் சொல்வார்கள். இப்போது யீஷூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் முன்பு கேன்பரா சாலைப் பக்கம் இருந்தது. அந்தத் தளத்து ஆட்கள் கும்பிட்டு வளர்த்த கோயில் அது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே போகும்போதெல்லாம் பெரியவர்கள் பழைய கதை பேசுவார்கள். அவர்களில் பலர் இப்போது இல்லை. மிச்சம் இருப்பவர்களிடம் கேட்டு, தாத்தா வந்த கதையைப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்க ஆசைப்பட்டேன். கேட்டது சரியா என்று பார்க்கப் புத்தகம் வேண்டியிருந்தது.

விண்ணப்பம் இணையத்தில்தான். பட்டச் சான்றிதழின் நகல், ஒரு படம், வங்கி அட்டையில் பணம் கட்டுவது, அவ்வளவுதான். கட்டணத்தோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். பத்து நிமிட வேலை என்று போட்டிருக்கிறார்கள், பலருக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கு அப்படி நடக்கவில்லை. காரணம் என் பெயர். அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'இன்னாரின் மகள்' என்பதைக் குறிக்கும் 'டி/ஓ' இருக்கிறது. அந்தச் சாய்கோட்டை விண்ணப்பம் ஏற்கவில்லை, 'தவறான எழுத்து' என்று சிவப்பில் காட்டியது. கோட்டை எடுத்துவிட்டு அனுப்பினால், பட்டம் பெற்றோர் பதிவில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. பிறகு கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, ஒருவர் கையால் சரிசெய்து கொடுத்தார். சிங்கப்பூரில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ உள்ள பெயர்கள் எத்தனை தலைமுறையாக இருக்கின்றன. இந்த நாட்டில் போடும் எந்தப் படிவமும் அந்த ஒரு கோட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

அட்டையை நேரில் போய்தான் வாங்க வேண்டும், அதுவும் வாரநாளில், அலுவலக நேரத்தில். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாதி நாள் விடுப்பு போய்விடும். வாங்கிய அன்றே நுழைவாயிலில் தட்டினேன், கதவு திறக்கவில்லை. பாதுகாவலராக இருந்த தமிழ் ஐயா ஒருவர் எழுந்து வந்தார். "புது கார்டா? ராத்திரிதாம்மா சிஸ்டத்துல ஏறும். இன்னிக்கு இப்படி வாங்க" என்று வருகையாளர் புத்தகத்தில் பெயர் எழுத வைத்து உள்ளே விட்டார். இதைக் கவுண்டரிலேயே சொல்லியிருக்கலாம்.

உள்ளே போன பிறகு எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

பொது நூலகத்தில் பழகியவர்களுக்கு முதலில் எண்கள் புரியாது. நம் பொது நூலகங்களில் புத்தகங்களை எண்ணால் வகைப்படுத்தும் டியூவி முறை. தமிழ் இலக்கியம் என்றால் 894.811 என்ற எண்ணைத் தேடிக் கண் தானாகப் போகும். இந்த நூலகத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறை, எழுத்தில் தொடங்கும். தமிழ் இலக்கியம் பிஎல் (PL) 4758. மலேசியா பற்றியவை டிஎஸ் (DS) 595ஐ ஒட்டி, சிங்கப்பூர் பற்றியவை டிஎஸ் 610ஐ ஒட்டி. இந்த மூன்றையும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால் போதும், கணினியே இல்லாமல் நேராக அலமாரிக்குப் போய்விடலாம். என் வாசிப்பில் பாதி, தேடிப் போன புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்த புத்தகம்தான்.

தமிழ்ப் புத்தகங்களைப் பட்டியலில் தேடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதைத் தெரியாமல் "இங்கே தமிழ்ப் புத்தகமே இல்லை" என்று திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். பல பதிவுகளில் தலைப்பு தமிழ் எழுத்தில் இருக்காது, ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். அதுவும் நாம் வாட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரி இல்லை, நூலகர்களுக்கென்று ஓர் எழுத்துமுறை. ச வந்தால் எஸ் கிடையாது, சி போட வேண்டும். த வந்தால் டி (T) மட்டும், பின்னால் எச் கிடையாது. ழ-வுக்கு இசட்டும் எச்சும் போட்டால் ஒன்றும் வராது, எல் போடுங்கள். க எங்கே வந்தாலும், ஒலி எப்படி இருந்தாலும், கே. ஆக 'சிறுகதை' வேண்டும் என்றால் சி-ஐ-ஆர்-யு-கே-ஏ-டி-ஏ-ஐ (cirukatai). 'சிங்கப்பூர்' என்றால் சி-ஐ-என்-கே-ஏ-பி-பி-யு-ஆர் (cinkappur). புள்ளியும் கோடும் போட வேண்டியதில்லை, வெறும் எழுத்தே போதும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அங்குள்ள நூலகர் ஒருவர், தமிழர்கூட இல்லை. ஒரு தாளில் வரிசையாக எழுதியே கொடுத்தார். அந்தத் தாள் என் பணப்பையில் இருக்கிறது. தமிழில் தட்டினாலே எல்லாம் வரும்படி பட்டியலை மாற்றினால் எவ்வளவோ பேருக்கு உதவும், ஆனால் அதுவரைக்கும் இந்த வழிதான்.

சரி, கிடைத்தது என்ன?

கெர்னியல் சிங் சந்து எழுதிய 'இண்டியன்ஸ் இன் மலாயா', 1969இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஆள் வந்த வரலாற்றைப் பேச இதைத் தாண்டிப் போக முடியாது. தடித்த புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் வரைபடமும் அட்டவணையும். இதை வீட்டுக்கு எடுத்து வந்து, இரவில் வேலை எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். தோட்டத்துக் கங்காணியே ஊருக்குப் போய் ஆள் கூட்டி வரும் கங்காணி முறையில் ஆள் எடுப்பது 1930களின் தொடக்கத்தில், ரப்பர் விலை விழுந்த மந்தக் காலத்தில் நின்றது. 1934இல் மறுபடி தொடங்கியது. 1938இல் இந்திய அரசாங்கம் அப்படி உதவித்தொகையில் ஆள் அனுப்புவதையே தடைசெய்துவிட்டது.

தாத்தா வந்ததைப் பற்றி எங்கள் அத்தை சொல்லி வந்தது வேறு. "ஜப்பான்காரன் வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி கங்காணிதான்டி கூட்டியாந்தாரு" என்பார். அப்படிப் பார்த்தால் 1940. அந்த வருடத்தில் கங்காணி எப்படி ஆள் கொண்டுவந்திருப்பார்? புத்தகத்தை அத்தை வீட்டுக்கே எடுத்துப் போனேன். ஆங்கிலம் அவருக்கு வராது, ஆனால் வரைபடத்தில் நாகப்பட்டினத்தைக் காட்டியதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தடை வந்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா கங்காணி கூட்டியாந்தது ஜொகூர் தோட்டத்துக்கு. அங்க கொஞ்ச வருசம் பால் வெட்டினாருன்னு எங்கம்மா சொல்லும். நேவல் பேஸுக்கு வந்ததுதான் ஜப்பான்காரனுக்கு முன்னாடி ரெண்டு வருசம்" என்றார். தாத்தா ரப்பர் தோட்டத்தில் இருந்தார் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பாவும் சொன்னதில்லை. அந்த ஒரு மாலைக்காக மட்டும் நான் எத்தனை ஆண்டுக் கட்டணம் வேண்டுமானாலும் கட்டுவேன்.

அதே புத்தகம் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் இல்லையா என்று கேட்கலாம். அங்குள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்துக்குள் போக அட்டையே தேவையில்லை, சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு 11ஆம் மாடியில் இருக்கிறது. அருமையான இடம். ஆனால் அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், வீட்டுக்குத் தர மாட்டார்கள். அத்தை வீட்டு மேசையில் அந்த வரைபடத்தை விரித்து வைத்திருக்க முடியாது. பழைய மாணவர் அட்டையில் இரவல் தவணை பொது நூலகத்தின் 21 நாளைவிட நீளம். வேலைக்குப் போகிறவளுக்கு அது பெரிய விஷயம்.

இனி குறைகள். மாணவர் யாராவது நம் கையில் இருக்கும் புத்தகத்தைக் கேட்டுவிட்டால் தவணை சுருங்கி, உடனே திருப்பச் சொல்லி மின்னஞ்சல் வரும். அது நியாயம்தான், படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் முதல் உரிமை. பாடத்துக்கென்று ஒதுக்கி வைத்த புத்தகங்களை நமக்குத் தர மாட்டார்கள், அதுவும் சரி. நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வுக் காலத்தில் உட்கார இடம் கிடைக்காது. அப்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் மரியாதை.

என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது மின்தரவுத்தளங்கள். மாணவியாக இருந்தபோது நள்ளிரவில் வீட்டிலிருந்து ஜேஸ்டோர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்துக்குள் போய் வேண்டியதை இறக்கிக்கொள்வேன். பட்டம் வாங்கியதும் அந்தக் கதவு மூடிவிட்டது, கட்டணம் கட்டி அட்டை வாங்கினாலும் திறக்காது. வெளியீட்டு நிறுவனங்களோடு போட்ட உரிம ஒப்பந்தம் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மட்டும் என்பது காரணம். நூலகத்துக்குள் இருக்கும் குறிப்பிட்ட சில கணினிகளில் உட்கார்ந்து பார்க்கலாம், அவற்றிலும் எல்லாத் தளமும் வராது. ஒப்பந்தம் நூலகத்தின் கையில் மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த விவரம் விண்ணப்பப் பக்கத்தில் எங்கோ கடைசியில், கேள்வி பதில் பகுதிக்குள் கிடக்கிறது. பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே பெரிதாகப் போட வேண்டும். ஜேஸ்டோர் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு வழி: சொந்த மின்னஞ்சலில் இலவசக் கணக்கு திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்க முடியாது. நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன்.

பழைய செய்தித்தாளுக்கும் இந்த அட்டை தேவையில்லை. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1887இல் தொடங்கிய சிங்கை நேசனும், பழைய தமிழ் முரசு இதழ்களும் இருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளுக்கு 2015இல் வந்த தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பு இருக்கிறது. எல்லாம் நம் வரிப்பணத்தில் நடப்பவை, பயன்படுத்துங்கள்.

பல்கலைக்கழக நூலகக் கதவு வெளியாட்களுக்கும் இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, அங்கே இந்தியவியல் துறையும் தமிழும் நிலைக்க வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அந்த நாளிதழ் வழியாக 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். சாதாரண உழைப்பாளிகள் கொடுத்த காசு அது. அந்தத் துறை பிறகு கோலாலம்பூருக்குப் போய்விட்டது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் எந்தப் பல்கலைக்கழக வாசலையும் மிதித்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சும்மா ஒரு சனிக்கிழமை போய் ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வர முடிய வேண்டும். இப்போதைக்குப் பட்டம் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் குறைந்த கட்டண அட்டை. பொதுமக்களுக்கான உறுப்பினர் அட்டைக்குக் கட்டணம் கூடுதல், எடுக்கக்கூடிய புத்தகமும் குறைவு.

நான் இந்த ஆண்டும் புதுப்பித்துவிட்டேன். குடும்ப வரலாறோ ஊர் வரலாறோ எழுதுகிறவர்கள், நீண்ட கட்டுரை தயாரிக்கும் தமிழாசிரியர்கள், பழைய பதிப்புகளைத் தேடுகிறவர்கள் வாங்கலாம். கதை, நாவல் படிக்க மட்டும் என்றால் வீட்டுக்குப் பக்கத்துப் பொது நூலகமே போதும். வாங்குவதாக இருந்தால் ஜனவரியிலோ ஆகஸ்டிலோ பாடம் தொடங்கும் வாரத்தில் போகாதீர்கள், கவுண்டரில் புது மாணவர் வரிசை நிற்கும். பெயரில் சாய்கோடு உள்ளவர்கள் இணையப் படிவத்தோடு மல்லுக்கட்டாமல், அடையாள அட்டை நகலையும் சான்றிதழ் நகலையும் சேர்த்து முதலிலேயே உறுப்பினர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.