புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சி: ஒரு வருடம் தாண்டிய அனுபவம்

புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக எடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் செய்து பார்த்தவற்றில் எனக்கு அதிகம் கைகொடுத்தது, யார் கண்ணுக்கும் தெரியாத இடுப்புத்தளப் பயிற்சிதான், அதாவது இடுப்புக்கு அடியில் சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கிப் பழகுவது. நடைக்கு இரண்டாம் இடம். சைக்கிளுக்கு இன்னும் மார்க் போடவில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் 'கடினமான வேலை கூடாது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. தண்டையார்பேட்டையில் கடினமான வேலை என்றால் எது? எங்கள் வீட்டில் இன்றைக்கும் அடிபம்புதான். தண்ணி வருகிற நேரத்தில் அடித்துப் பிடித்து வைத்தால்தான் அன்றைய பாடு ஓடும். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல். மறுபரிசோதனையில் இதைக் குறிப்பாகக் கேட்டேன். "வெளியே துளை சின்னதுதான், உள்ளே ஆற 6 வாரமாவது வேணும். அதுக்குள்ள தம் கட்டித் தூக்குனா குடலிறக்கம் வரலாம்" என்றார் டாக்டர். குடம் தூக்கும் வேலை மகன் தலையில் விழுந்தது. தடை நீங்கிய பிறகும் அரைக் குடத்தில்தான் ஆரம்பித்தேன். அடிபம்பைக் குனிந்து அழுத்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சைப் பிடித்தால் அந்த அழுத்தமெல்லாம் நேராக அடிவயிற்றில் இறங்கும். மலச்சிக்கலும் அதே வேலையைத்தான் செய்யும் என்பதால் கொய்யாவும் கீரையும் வீட்டில் நிரந்தரமாயின.

நடை ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிடுகிறது. காலில் ரத்தம் உறையாமல் இருக்க மறுநாளே எழுப்பி நடக்க விடுகிறார்கள். சிறுநீர் வடிய வைக்கும் டியூப் பொதுவாக ஒரு வாரம், இரண்டு வாரம் இருக்கும். பையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று படுத்துவிடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

டியூப் இருக்கும்வரை இடுப்புத்தளப் பயிற்சி வேண்டாம் என்றார்கள். எடுத்த பிறகு பிசியோ சொல்லிக்கொடுத்த விதம் எளிது. நாலு பேர் நடுவில் காற்று பிரியாமல் அடக்குவோமே, அந்த இடத்தை உள்ளே இழுக்க வேண்டும். சரியாகச் செய்தால் ஆணுறுப்பின் அடிப்பாகம் லேசாக உள்ளே போகும், விதை சற்று மேலே ஏறும். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. மூச்சு பாட்டுக்கு ஓட வேண்டும். 10 விநாடி வரை பிடித்து, அதே அளவு விட்டு, 10 முறை; இப்படி ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதலில் 10 விநாடி யாருக்கும் வராது, பிடிபட்ட மட்டும் போதும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகக் கூடாது. இதற்குப் பெயர் கெகல் பயிற்சி. அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948இல் பிரசவித்த பெண்களுக்காக எழுதியது, இன்று என் போன்ற கிழவர்களுக்கும் உதவுகிறது.

மூன்று வேளைக் கணக்கு மட்டும் போதாது. நாற்காலியை விட்டு எழும் முன், இருமல் வரும் முன், குடத்தைத் தூக்கும் முன் ஒரு சுருக்கு. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு வந்த சிறுநீர்க் கசிவு கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது இது பழக்கமான பிறகுதான். தும்மல் மட்டும் இன்னும் முந்திக்கொள்கிறது.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காலையில் உலர்ந்திருக்கும் பேடு சாயங்காலம் நனைந்துவிடும். நாள் முழுக்கத் தாங்கிய தசை அந்த நேரத்துக்குக் களைத்துப்போகிறது, அவ்வளவுதான். நோய் திரும்பிவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை, அதைப் பார்க்க பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நடையைக் காலைக்கு மாற்றினேன். டீயை நடந்து வந்த பிறகு வைத்துக்கொண்டேன், காபியும் டீயும் சிறுநீர்ப்பையை உசுப்பும். கசிகிறதே என்று சிலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். மே மாத வெயிலில் அது வேறு வினை, சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் அவசரமும்தான் கூடும்.

வீட்டை விட்டு வெளியே நடப்பது எங்கள் பக்கம் தனிப் பயிற்சி. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரியும் தூசியும், அங்கே இருமினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ராயபுரம் ராபின்சன் பூங்கா. 1949இல் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். பழைய சிநேகிதர் ஒருவர் அங்கே பார்த்துவிட்டு, "இன்னா நைனா, சைக்கிள வித்துட்டியா?" என்றார். விற்கவில்லை. சீட் அழுத்துவது சரியாக ஆபரேஷன் நடந்த இடத்துக்குக் கீழே. எனக்கு மூன்று மாதம் தடை. இப்போது அகலமான சீட் போட்டுப் பக்கத்துத் தெருவரை ஓட்டுகிறேன். மரத்துப்போகிற மாதிரி இருந்தால் இறங்கிவிடுகிறேன்.

படி ஏறிப் பழக தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் நல்ல இடம். இறங்க எஸ்கலேட்டர், ஏறப் படி. கைக்கும் தோளுக்கும் எலாஸ்டிக் பேண்டு வாங்கினேன், காசுக்கு மோசமில்லை. இந்தப் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு எலும்பும் தசையும் தேயும் என்பதால் அவர்களுக்கு இந்த மாதிரி எடைப் பயிற்சி என்னைவிட அவசியம். எந்த அளவு என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பேடு விஷயத்தில் குறை உண்டு. தெரு மெடிக்கலில் கேட்டால் பெரிய டயப்பரைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் தொடை உராய்ந்து புண்ணாகிறது. ஜட்டிக்குள் வைக்கிற ஆண்களுக்கான சின்ன பேடு ஆன்லைனில் கிடைக்கிறது. கசிவு அடங்கச் சிலருக்கு 3 மாதம், சிலருக்கு ஒரு வருடம். அதற்கும் மேல் நீடித்தால் அதற்கென்று சிகிச்சைகள் உண்டு, சிறுநீரக மருத்துவரைக் கேட்கலாம். நான் இப்போது காலை நடைக்கு பேடு வைப்பதில்லை. கல்யாண வீடு, வெளியூர் பஸ் என்றால் வைத்துக்கொள்கிறேன்.