நடுநிலை முகமூடி: தோலில் வாங்குவதா, பிளாஸ்டிக்கிலா?

பிரெஞ்சு நாடக ஆசிரியர் ஜாக் லெகோக் (1921–1999) 1956இல் பாரிசில் தொடங்கிய நாடகப் பள்ளியில் முதலாண்டுப் பயிற்சியின் அடித்தளமே நடுநிலை முகமூடி, அதாவது எந்த உணர்ச்சியும் காட்டாத முகமூடிதான். இத்தாலியின் படுவா நகரச் சிற்பி அம்லேத்தோ சர்த்தோரி அவருடன் சேர்ந்து உருவாக்கியது. பழுப்புத் தோல், சிரிப்பும் இல்லை, சோகமும் இல்லை.

வாங்கும்போது முதலில் அளவைப் பாருங்கள். முகத்தை விடச் சற்றுப் பெரிதாக, கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அச்சாக ஒட்டிக்கொண்டால் முகமூடி உயிர் பெறாது. இது லெகோக்கே வலியுறுத்தியது. மலிவான வெள்ளை பிளாஸ்டிக்கில் இப்படி ஒட்டிக்கொள்வதுதான் பெரிய குறை. போதாததற்கு வியர்வை உள்ளே தேங்கும், விளக்கொளியில் பளபளக்கும். தோல் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் ஈரத்தோடு பைக்குள் போட்டால் வடிவம் கெடும். நிழலில் உலர்த்துங்கள்.

அணிந்தபின் பேசக்கூடாது, கையால் தொடக்கூடாது. கண்ணை மட்டும் உருட்டினால் பார்ப்பவருக்குத் தெரியாது; தலை முழுதும் திரும்ப வேண்டும். முகமூடியோடு படுத்திருந்து, வாழ்வில் முதல் தடவை கண்விழிப்பதுபோல் எழும் ‘முதன்முறையாக விழித்தெழுதல்’ பயிற்சியில் பலர் சறுக்குவது கொட்டாவி விடுவதில்தான். கொட்டாவி வந்தால் நேற்றைய களைப்பும் வந்துவிடும்; இந்த முகத்துக்கோ நேற்று என்பதே கிடையாது.

விலை அதிகம்தான். ஒரு குழுவுக்கு நல்ல தோல் முகமூடி ஒன்றே போதும்; முறைவைத்து அணியலாம், மற்றவர்கள் பார்த்தும் கற்கலாம்.