டாரஸ் லாரிக்கு முன் டயரும் ஷாக்கும்: எதைப் பார்த்து வாங்குவது?

பத்துச் சக்கர டாரஸின் முன் டயரில் உள்ளங்கையைக் குறுக்கே வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம் போலக் கீறினால் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) தவறு. அதை அலைன்மென்ட் சரிசெய்துவிடும். சுற்றுவாட்டில் சாணுக்கு ஒரு குழி கிண்ணம்போல விழுந்திருந்தால், டயரை மட்டும் மாற்றுவது பணத்தை ரோட்டில் போடுவதுதான். ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டியில் சக்கரம் பதியாமல் துள்ளுகிறது, இறங்கும் இடமெல்லாம் பட்டன் (டயரின் மேல்தடம்) உரசிப் போகிறது. கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) ஆட்டம், பேரிங் தளர்ச்சி, பேலன்ஸ் இல்லாமை இவையும் இதே குழியை உண்டாக்கும். ஆகவே முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஷாக்கைச் சோதிக்கக் கருவி வேண்டாம். மேடுபள்ளமான ரோட்டில் கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தி, முதலில் சேஸியைத் தொட்டு, பிறகு ஷாக்கின் கீழ் உடலைத் தொடுங்கள். வேலை செய்யும் ஷாக் சேஸியைவிடச் சூடாக இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்தது போய்விட்டது. மேல் சீல் அருகே தூசி ஒட்டிய லேசான எண்ணெய்ப் பூச்சு குற்றமில்லை. கோடாக வழிந்திருந்தால்தான் மாற்ற வேண்டும். மாற்றினால் ஜோடியாக. இரண்டு ஷாக்கின் விலை ஒரு ரேடியல் டயர் விலையில் சிறு பங்குதான்.

கேப்ரியல் போன்ற பெயர்பெற்ற கம்பெனியானாலும் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். வண்டி மாடலுக்குரிய பார்ட் நம்பர், முழுக்க அமுங்கிய நீளம், முழுக்க விரிந்த நீளம், இரு முனையின் புஷ் (ரப்பர் வளையம்) அளவு எல்லாம் பொருந்த வேண்டும். நீளம் குறைந்தால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) விரியும்போது ஷாக் இழுபட்டு முனை அறும். கூடினால் பள்ளத்தில் அடியில் முட்டி உடையும். "கனமான ஷாக் போட்டால் லோடு தாங்கும்" என்பது தவறு. எடையைத் தாங்குவது பட்டை, ஷாக் அதன் துள்ளலை அடக்குகிறது. மாட்டும் முன் புது ஹைட்ராலிக் ஷாக்கை நிமிர்த்தி முழுதாக விரித்து, தலைகீழாக்கி அமுக்கி, மூன்று நான்கு தடவை காற்றை வெளியேற்றுங்கள். ரப்பர் புஷ்ஷின் கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் நின்றபின்தான். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இனி டயர். பலர் தவறவிடும் கணக்கு இங்கேதான். 10.00ஆர்20 டயரில் எடைதாங்கும் குறியீடு 146/143 என்றிருந்தால், ஒற்றையாகப் போட்டால் 3000 கிலோ, இரட்டையாகப் போட்டால் 2725 கிலோ. பின்னால் எட்டு டயர் 21.8 டன் தாங்கும். இரட்டைப் பின் ஆக்ஸிலின் 21 டன் வரம்புக்குப் போதும். முன்னால் இரண்டு டயர் 6 டன்தான். 2018 ஜூலையில் முன் ஆக்ஸில் வரம்பு 6-லிருந்து 7 டன் ஆனது. உங்கள் ஆர்.சி.யில் முன் ஆக்ஸில் எடை 6 டன்னுக்கு மேல் இருந்தால், 146 போதாது. 295/80ஆர்22.5 டியூப்லெஸ்ஸில் 152 என்றால் ஒன்று 3550, ஜோடி 7100 கிலோ. நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு இதுவே நல்ல தேர்வு. ஆனால் டியூப் டயருக்கான பழைய லாக் ரிங் டிஸ்க்கில் ஏறாது, 22.5 டிஸ்க்கும் ஸ்டெப்னியும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மாடலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். அப்போலோ எண்டுரேஸ் ஆர்ஏ எல்லாச் சக்கரத்துக்கும், ஆர்டி பின் இழுவைச் சக்கரத்துக்கு. மிச்செலினில் இசட் எல்லாவற்றுக்கும், டி இழுவைக்கு. இழுவைப் பட்டனை முன்னால் மாட்டினால் சத்தமும் சீரற்ற தேய்மானமும் வரும். நைலானையும் ரேடியலையும் ஒரே ஆக்ஸிலில் கலக்காதீர்கள். ரீபட்டன் (பழைய டயரில் புது மேல்தடம் ஒட்டிய) டயர் பின்னால் தாராளமாக ஓடட்டும், முன்னால் வேண்டாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2324 என்றால் 2024-ன் 23-ஆம் வாரத் தயாரிப்பு.

காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவுங்கள். 120 பி.எஸ்.ஐ. வேண்டிய டயர் 96-க்குக் கீழ் ஓடியிருந்தால் அதைக் காற்றில்லாமல் ஓடிய டயராகவே கருதுங்கள். கழற்றி உள்ளே பார்க்காமல் காற்றேற்றினால் பக்கவாட்டின் எஃகு இழைகள் வெடித்துத் திறக்கும். பழுது பார்த்தபின் இரும்புப் பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றேற்றச் சொல்லுங்கள். மாட்டியபின் 100 கி.மீ.க்குள் வீல் நட்டுகளையும் ஷாக் நட்டுகளையும் டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்கி, அப்போதே அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.