நாய் உச்சா போவதை 'நிறுத்தித் தருகிறேன்' என்பவரிடம் உஷார்

தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஆளைப் பார்த்தாலே உச்சா போகிறதா? எங்களிடம் விடுங்கள், நூறு சதவீதம் கேரண்டி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் போட்ட நாய் ட்ரெய்னருக்கு 18,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, நாயை முன்பைவிட மோசமான நிலையில் திரும்ப வாங்கியிருக்கிறோம்.

எங்கள் மல்லி தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டு நாய். இன்னும் ஒரு வயது ஆகவில்லை. வெளியே கூட்டிப்போனால் ஒழுங்காகப் போய்விட்டு வருவாள், வீட்டுக்குள் அசிங்கம் செய்கிற பழக்கமே கிடையாது. ஆனால் என் கணவர் வேலையிலிருந்து வந்து குனிந்து அவள் தலையைத் தடவப் போனால் போதும். காது இரண்டும் பின்னால் படுத்துவிடும், வால் காலுக்கு நடுவே போய்விடும், அப்படியே மல்லாந்து நாலு சொட்டு விட்டுவிடுவாள்.

ட்ரெய்னர் இதைக் கேட்டதும், "அது உங்களை மதிக்கலைங்க மேடம். வீட்டுல யாரு தலைவன்னு காட்டணும்" என்றார். மல்லாந்து படுத்துச் சரணடைகிற நாய்க்கு இதற்கு மேல் என்ன தலைவனைக் காட்டுவது? இந்தத் தலைவன் கதை, அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதிவிட்டார். நம்மூர் ட்ரெய்னர்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

தங்கவைத்துப் பயிற்சி, நடுவில் நாம் போய்ப் பார்க்கக் கூடாது, வீடியோ மட்டும் வரும். வீடியோவில் அவர் மல்லியின் மேல் குனிந்து நின்று அதட்டுகிறார், அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், தரை காய்ந்து கிடக்கிறது. "பாத்தீங்களா, ஒரு சொட்டு இல்ல!" அவர் காலுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. எந்த வீடியோவை எடுத்துப் பார்த்தாலும் அது கவிழ்ந்துதான் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்தவுடன் மல்லி வாளியில் வாயை வைத்தவள் எடுக்கவே இல்லை. மூச்சுத் திணறி இருமிவிட்டு மறுபடி குடித்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது, இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சோக் செயின் போட்ட தடம். சிறுநீரைப் பரிசோதித்த டாக்டர், உடம்பில் தண்ணீர் சத்து மிகவும் குறைந்திருக்கிறது என்றார். ட்ரெய்னரைக் கேட்டால், "தண்ணி கம்மியா வச்சாத்தாங்க கன்ட்ரோல் வரும்." சொட்டு விடாததன் ரகசியம் அதுதான், விட உள்ளே ஒன்றும் இல்லை. இப்போது கேட் கொண்டி சத்தம் கேட்டாலே உச்சா போய்விடுகிறாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பயிற்சி முடிஞ்சிது, நீங்கதான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று பதில். போலீஸுக்குப் போகலாமே என்பவர்களுக்கு: மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதில் முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். அவர் ஜிபேயிலேயே கட்டிவிடுவார்.

டாக்டர் சொன்ன வழிகளுக்குச் செலவே இல்லை. முதலில் நோய்த்தொற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். கருத்தடை செய்த பெண் நாய்க்குத் தூக்கத்தில் கசிவது தனி விஷயம், அதற்கு மாத்திரை இருக்கிறது. மல்லியுடையது பயம், 'நான் உனக்கு அடங்கினவள்' என்று நாய் பாஷையில் சொல்வது, அவளாக அடக்கக்கூடியது இல்லை. திட்டினால் கூடும். குட்டிகளில் பலவற்றுக்கு வளர வளரத் தானாகவே நின்றும்விடுமாம். உள்ளே வந்ததும் அவளைப் பார்க்கவோ பேசவோ கூடாது, செருப்பைக் கழற்றி, பையை வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும். அவளாக வந்தால் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழே, நெஞ்சில் தடவ வேண்டும். விருந்தாளி வந்தால் வாசலிலேயே அறிமுகம், தரையில் இரண்டு பிஸ்கட் துண்டு. சொட்டு விட்டால் சத்தமில்லாமல் துடைத்துவிட வேண்டும். என் மாமியார்தான் இதில் கெட்டிக்காரி. அவர் நாய்ப் பக்கமே திரும்பாமல் சீரியல் பார்ப்பார், மல்லி போய் அவர் காலடியில் படுத்துக்கொள்வாள், ஒரு சொட்டு விடுவதில்லை.

ஆகவே யாராவது "நாயை விட்டுட்டுப் போங்க, நடுவுல வராதீங்க" என்றால் விடாதீர்கள். பயிற்சியைக் கூடவே இருந்து பார்க்க விடாதவரிடம் பேச்சே வேண்டாம். அந்த ஆள் இப்போது வேறு பெயரில், வேறு நம்பரில் விளம்பரம் போடுகிறார், அதில் எங்கள் வீடியோவையும் சேர்த்திருக்கிறார். செம்பழுப்பு நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை, பக்கத்தில் கவிழ்ந்த கிண்ணம். அந்த வீடியோ உங்களுக்கு வந்தால், அது அவர்தான்.