டெவில்ஸ் ஹோல் மீனுக்கான நிதி: நீர்மட்ட ஆய்வுக்கா, மாற்றுத் தொட்டிக்கா?

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், டெவில்ஸ் ஹோல் என்னும் வெந்நீர்க் குகையில் மட்டுமே இயற்கையாக வாழும் பப்ஃபிஷ் என்ற சிறு மீனைக் காக்க இரண்டு வழிகளில் நிதி செலவிடலாம்: நிலத்தடி நீர்மட்டத்தை நீண்டகாலம் ஆராயலாம், அல்லது குகையைப் போலவே அமைத்த தொட்டியில் மீனை வளர்க்கலாம்.

முதல் வழியின் பயனுக்கு வரலாறே சான்று. 1960களின் இறுதியில் அருகிலிருந்த பண்ணைக்காக ஆழ்கிணறுகளில் நீர் இறைக்கத் தொடங்கியபின் குகையின் நீர்மட்டம் தாழ்ந்து, மீன்கள் இரைதேடவும் முட்டையிடவும் நம்பியிருக்கும் ஆழமற்ற பாறைத்திட்டின் ஒரு பகுதி நீருக்கு வெளியே தெரிந்தது. நீர்மட்டம் எவ்வளவு இறங்கினால் திட்டு எவ்வளவு வறளும் என்பதை அளவீடுகள் காட்டியதால்தான், இறைப்புக்கு விதிக்கப்பட்ட வரம்பை உச்ச நீதிமன்றம் 1976இல், அப்பண்ணையின் உரிமையாளர் கேப்பர்ட் தொடர்பான வழக்கில் உறுதிசெய்ய முடிந்தது என்று கருதுகிறேன்.

நீர்மட்டம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதும் உண்மை. சட்டப் பாதுகாப்பு இருந்தும், 2013 வசந்தகாலக் கணக்கெடுப்பில் 35 மீன்களே தென்பட்டன. அத்தகைய நெருக்கடியில், குகைக்கு அருகே ஆஷ் மெடோஸ் பகுதியில் உள்ள சுமார் 1 லட்சம் கேலன் மாற்றுத் தொட்டி இனத்தின் முழு அழிவைத் தடுக்கும் காப்பு. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் தொட்டியில் மீன் பிழைத்திருப்பதால் குகை காப்பாற்றப்படுவதில்லை. தொலைவில் இறைக்கும் நீரின் விளைவு குகையை எட்டப் பல ஆண்டுகள் ஆகக்கூடும் என்பதால், கண்காணிப்புக்கான நிதியை வெட்டித் தொட்டிக்குத் தருவதை ஏற்க இயலவில்லை. அளக்காமல் விட்ட ஆண்டுகளைப் பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தும் அளக்க முடியாது.