நோய் காட்டும் ரெசின் எலும்பு செட்: மண்டையோட்டைத் தவிர மற்றது சரி

வெள்ளவத்தையில் பின்னேரங்களில் பிசியோதெரபி, நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு உடற்கூற்றியல் வகுப்பு எடுக்கிறேன். சாதாரண எலும்புகள் கைவசம் இருக்கின்றன. நோயும் காயமும் தெரிகிற எலும்புதான் இல்லை. உண்மையான மனித எலும்பை விலைக்கு வாங்க எனக்கு மனமில்லை. அதனால் புறக்கோட்டையில் ஆய்வுகூடச் சாமான் விற்கும் ஒரு கடையில் சொல்லி, இந்த ரெசின் செட்டை எடுப்பித்தேன். விலை ரூ. 42,000.

செட்டில் சிறந்தது முள்ளந்தண்டுத் துண்டு. சயரோகம் முள்ளெலும்பின் முன்பக்க உடலை அரித்துச் சரித்திருக்கிறது. பின்வளையம் பெரிதாகப் பழுதில்லாமல் நிற்கிறது. முன்னே சரிந்தால் முதுகு எப்படிக் கூனும் என்று நான் விளக்கவே தேவைப்படவில்லை, பிள்ளைகள் கையில் எடுத்தவுடன் புரிந்துகொண்டார்கள். அடுத்தது நாட்பட்ட சீழ்த்தொற்று வந்த டிபியா, அதாவது முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு. உள்ளே செத்த எலும்புத் துண்டு, அதைச் சுற்றிப் புதிதாக வளர்ந்த தடித்த ஓடு, சீழ் வெளியேறிய துவாரம் மூன்றும் தெளிவாக இருக்கின்றன. துவாரத்துக்குள் போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தால் செத்த துண்டு தெரியும். இதைச் செய்தவர் யாரோ அசல் எலும்பைப் பார்த்துத்தான் அச்செடுத்திருக்க வேண்டும்.

மணிக்கட்டருகே முறிந்து கோணலாகப் பொருந்திய ரேடியஸ் என்ற முன்கை எலும்பும் நல்லது. ஆபிரகாம் கோலிஸ் 1814 இல் விவரித்த முறிவு அது. எக்ஸ்ரே வந்ததே 1895 இல், அதற்கு முன் இதைக் கையால் தடவியே கண்டுபிடித்த மனிதர்.

கண்குழியின் கூரையில் சல்லடைத் துளைகள் உள்ள துண்டும் பிடித்தது. ஆனால் பெட்டியோடு வந்த தாள் அதை ‘இரத்தச்சோகை’ என்று அடித்துச் சொல்கிறது. அப்படி ஒரே காரணத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. விற்றமின் சி குறைபாடும் தொற்றும்கூட அந்த இடத்தில் துளைகளை உண்டாக்கலாம். எலும்பு பதில் சொல்லும் விதங்கள் சிலதான்: கரையும், அல்லது வளரும். மெதுவாக இழுத்தடிக்கும் நோய்தான் அதில் தடம் விடும். வாந்திபேதியிலோ டெங்கிலோ ஒருவர் சில நாளில் இறந்தால் எலும்பு சுத்தமாகவே இருக்கும். தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இனி மண்டையோடு. ‘மரண நேரத்துக் காயம்’ என்று பெயர் போட்டிருக்கிறார்கள், அதுதான் மோசம். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் 1999 இல் 15 பேரின் எச்சங்கள் தோண்டப்பட்டதையும், 2018 இல் மன்னார் சதொச கடை வளாகத்தில் மனித எலும்புகள் வெளிவந்ததையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் முதலில் கேட்பதே, இது உயிரோடு இருக்கும்போது உடைந்ததா என்றுதான். ஆறத் தொடங்கியிருந்தால் விளிம்பு மழுங்கி, புதிய எலும்பு படிந்திருக்கும். மரணத்தை ஒட்டி உடைந்தால் ஆறிய அடையாளமே இராது; எலும்பில் இன்னும் ஈரப்பசை இருப்பதால் விளிம்பு சாய்வாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும், வெடிப்புகள் ஓடும். மண்ணில் காய்ந்தபின் மண்வெட்டி பட்டால் சொரசொரப்பாக நேராக உடையும், உடைந்த முகம் வெளிறிக் கிடக்கும். ஆக விளிம்பும் நிறமும்தான் சாட்சி. இவர்களோ விளிம்பை அரத்தால் தேய்த்து, முழுவதற்கும் ஒரே பழுப்பு நிறத்தை அடித்துவிட்டார்கள். மழுங்கிய விளிம்பைப் பார்த்த ஒரு பிள்ளை ‘ஆறிய காயம்’ என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

கடைக்காரரிடம் சொன்னேன். மாற்றித் தர வழியில்லையாம், ஆனால் துண்டுகளைத் தனித்தனியாகவும் எடுப்பித்துத் தருவாராம். அப்படியென்றால் முள்ளந்தண்டையும் டிபியாவையும் ரேடியசையும் மட்டும் கேளுங்கள். மண்டையோட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.